நன்றாக இருக்கிற தங்கையை முதலில் கூட்டிக்கொண்டு போங்கள்

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"டாக்டர் ஐயா, என் மகனுக்கு 19 வயது. டிப்ளமா இரண்டாம் வருடம். ஒன்றரை வருடமாக அவன் கையெழுத்து கோணலாகிக்கொண்டே வந்தது. அப்புறம் பேச்சு குழறியது, வாயில் எச்சில் வடிந்தது. சும்மா இருக்கும்போதே சிரிப்பான், திடீரென்று சோற்றுத் தட்டை விசிறி எறிவான். காதல் தோல்வி என்றார்கள், போதைப் பழக்கம் என்றார்கள், செய்வினை என்றார்கள். கோயிலுக்கும் போனோம். மனநல மருத்துவரிடம் காட்டி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தோம், உடம்பு இன்னும் விறைத்ததுதான் மிச்சம். அந்த மாத்திரை இன்னும் ஓடுகிறது. கடைசியில் கண்ணாடி போடப் போன இடத்தில் கண் மருத்துவர், கண்ணில் ஒரு வளையம் தெரிகிறது என்று சொல்லி அனுப்பினார். வில்சன் நோய் என்று அப்படித்தான் தெரிந்தது. பென்சிலமைன் மாத்திரை ஒரு நாளைக்கு நான்கு என்று ஆரம்பித்தார்கள். ஐந்தே வாரத்தில், நடந்துகொண்டிருந்த பிள்ளை நடக்க முடியாமல் போய்விட்டான். கழுத்து ஒரு பக்கமாக இழுக்கிறது. சிறுநீரில் செம்பு 310 இருந்தது, மாத்திரை ஆரம்பித்த பிறகு 1,140 ஆகிவிட்டது. பயந்துபோய் 12 நாளாக நிறுத்தி வைத்திருக்கிறோம். நான் என் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன், அதனால்தான் வந்தது என்று ஊரே பேசுகிறது. 11 வயதில் அவனுக்குக் காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன், அது தப்பா? ஏழு வருடமாக வீட்டில் செம்புக் குடத்துத் தண்ணீர்தான் குடிக்கிறோம், அதனாலா? மாத்திரை அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? அவன் மறுபடியும் எழுதுவானா? இவனுக்குக் கீழே ஒரு பெண், 14 வயது, அவள் நன்றாக இருக்கிறாள்."

அம்மா, மீதியைப் படிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவரை இன்றைக்கே கூப்பிட்டு, "12 நாளாக நிறுத்திவிட்டோம், நடை போய்விட்டது, கழுத்து இழுக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். இன்னொன்று, இதைப் படித்துவிட்டு நீங்களாகவே மறுபடி நான்கு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலமைனை இடையில் விட்டுவிட்டு மறுபடி முழு அளவில் தொடங்கினால் காய்ச்சல், தடிப்பு, ரத்த அணுக்கள் குறைவது என்று ஒவ்வாமை கிளம்பும் வாய்ப்பு அதிகம். மறுபடி தொடங்குவதா, எந்த அளவில், அல்லது வேறு மருந்தா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், ஆனால் அந்த முடிவு இந்த வாரத்துக்குள் நடக்க வேண்டும். விழுங்கும்போது புரையேறினாலோ, காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டையாக விறைத்தாலோ, கண் மஞ்சளானாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, நினைவு தடுமாறினாலோ போன் செய்துகொண்டிருக்க வேண்டாம், நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பேசலாம்.

இந்த நோய் என்ன செய்கிறது என்று உங்களுக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. நாம் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் துளித்துளியாகச் செம்பு இருக்கிறது, உடம்புக்கு அது கொஞ்சம் வேண்டும். தேவைக்கு மேல் வருவதைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து மலத்தோடு வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளுகிற வேலைக்கு ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்யும் மரபணுவுக்கு ஏடிபி7பி என்று பெயர், 1993-ல் கண்டுபிடித்தார்கள். உங்கள் மகனுக்கு அந்த மரபணு அப்பாவிடமிருந்து வந்ததும் பழுது, அம்மாவிடமிருந்து வந்ததும் பழுது. அதனால் பிறந்த நாளிலிருந்து அவனுக்குள்ளே செம்பு சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. முதலில் கல்லீரல் தாங்கிப் பிடிக்கும். அங்கே இடம் நிறைந்ததும் ரத்தத்தில் கசிந்து மூளைக்குள் போய், கை கால் அசைவையும் பேச்சையும் சீர்ப்படுத்துகிற ஆழமான பகுதிகளில் படியும். கண்ணிலும் படியும், கருவிழியின் ஓரத்தில், பழுப்பும் பொன்னிறமுமாக ஒரு வளையம். 1902-லும் 1903-லும் கைசர், ஃபிளைஷர் என்ற இரண்டு ஜெர்மன் கண் மருத்துவர்கள் இதை எழுதி வைத்ததால் அவர்கள் பெயரே அதற்கு. நோய்க்குப் பெயர் தந்த வில்சன் லண்டனில் இருந்த நரம்பியல் மருத்துவர், 1912-ல் இதை விரிவாக எழுதினார். இந்த வளையம் நம் ஊர்க் கருப்புக் கண்களில் டார்ச் அடித்துப் பார்த்தால் பல சமயம் தெரியாது. ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் தாடையை வைத்து உட்கார வேண்டும். கண்ணாடி போடப் போன இடத்தில் அந்த மருத்துவர் இதைக் கவனித்து, பேசாமல் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பாமல் இருந்தாரே, அவரை ஒருநாள் நேரில் போய்ப் பார்த்து நன்றி சொல்லுங்கள்.

கையெழுத்துக் கோணல், எச்சில், சம்பந்தமில்லாத சிரிப்பு, கோபம் எல்லாமே மூளையில் படிந்த செம்பு செய்த வேலை. பிள்ளை செய்ததில்லை. தட்டை எறிந்ததற்கு அவனை அடித்திருக்கிறோம் என்று நீங்கள் ஒரு வரி எழுதி அடித்துவிட்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரிந்தது. என்னிடம் வருகிற குடும்பங்களில் பாதிக்கு மேல் இதைச் சொல்லி அழுகிறார்கள். நோய் என்று தெரியாத காலத்தில் நடந்தது அது. அவனிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள், அவனுக்குப் புரியும். பேச்சுதான் குழறுகிறதே தவிர, இந்த நோயில் பெரும்பாலும் புத்தி தெளிவாகத்தான் இருக்கும், நாம் பேசுவது அத்தனையும் அவனுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். மாத்திரையால்தான் நடை போனதா? ஆம், பெரும்பாலும் அதனால்தான் இருக்கும். இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. மூளையில் நோய் இறங்கிய வில்சன் நோயாளிகளுக்குப் பென்சிலமைன் ஆரம்பித்த முதல் வாரங்களிலும் மாதங்களிலும் நிலைமை மோசமாவது மருத்துவ உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த சிக்கல். எத்தனை பேருக்கு என்பதில் ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுகிறது. பத்தில் ஒருவர் என்கிறவர்கள் உண்டு, அதைவிட மிக அதிகம் என்கிறவர்களும் உண்டு. கல்லீரலில் முடங்கிக் கிடந்த செம்பை மருந்து கிளப்பிவிடும்போது, வெளியே போவதற்கு முன் கொஞ்சம் மூளைக்குள் புகுந்துவிடுகிறது என்பதுதான் அதிகம் பேர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம். அதனால் மூளை பாதித்தவர்களுக்கு 125 அல்லது 250 மில்லிகிராமில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்றுவதுதான் எங்களில் பலருடைய வழக்கம். நான்கு மாத்திரை என்று நீங்கள் எழுதியிருப்பது 250 மில்லிகிராம் வில்லையாக இருந்தால், முதல் நாளிலேயே ஒரு கிராம். அது வேகமான ஆரம்பம்தான். ஆனால் ரிப்போர்ட்டுகள் எதையும் பார்க்காமல் அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. கல்லீரல் நிலைமையைப் பார்த்து அவசரப்பட வேண்டியிருந்ததோ என்னவோ. மெல்ல ஏற்றியும் மோசமானவர்களை நானே பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு பேர் என் கையில் ஆரம்பித்தவர்கள்.

ஆனால் மாத்திரையைத் தூக்கிப் போடுவதற்கு முன் இன்னொரு சந்தேகத்தையும் தீர்க்கச் சொல்ல வேண்டும். மனநல மாத்திரை இன்னும் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன மாத்திரை? வில்சன் நோயில் மூளையின் எந்தப் பகுதி அடிபட்டிருக்கிறதோ, அதே பகுதியைத்தான் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்துகளும் தொடுகின்றன. மற்றவர்களுக்குப் பெரிதாகத் தெரியாத விறைப்பும் கழுத்து இழுப்பும் இவர்களுக்குச் சிறு அளவிலேயே வந்துவிடும். ஆறு மாதம் கொடுத்ததில் உடம்பு விறைத்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் இப்போதைய இழுப்பில் ஒரு பங்கு அந்த மாத்திரையுடையதாகவும் இருக்கலாம். இதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வேறு தொல்லை வரும். வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும், காலியானவை உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் கொட்டுங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு உதவும்.

சிறுநீரில் செம்பு 310-லிருந்து 1,140 ஆனதைப் பார்த்து நோய் நான்கு மடங்காகிவிட்டது என்று பயந்திருக்கிறீர்கள். அது அப்படி இல்லை அம்மா. 310 என்பது மருந்து இல்லாமல் 24 மணி நேரத்தில் அவன் உடம்பு தானாக வெளியே விட்ட மைக்ரோகிராம் கணக்கு. 100-க்கு மேல் போனாலே வில்சன் நோயைச் சந்தேகிக்கிறோம். 1,140 என்பது மருந்து செம்பைப் பிடித்து இழுத்து வெளியே கொட்டியதன் அளவு. கிணற்றைத் தூர்வாரும்போது சேறு மேலே வருகிற மாதிரி. முதல் மாதங்களில் அது ஏறத்தான் வேண்டும், பிறகு மாதக்கணக்கில் இறங்கி, நிலையான சிகிச்சையில் 200-க்கும் 500-க்கும் நடுவில் நின்றால் எங்களுக்குத் திருப்தி. லேப் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் 'அதிகம்' என்று அச்சடித்துக் கொடுக்கிறார்களே ஒழிய, மருந்து சாப்பிடுகிறவருக்கு அந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்று யாரும் ஒரு வரி எழுதித் தருவதில்லை. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்து மாத்திரையை நிறுத்திய வீடுகள் உங்களுடையது மட்டுமல்ல.

வேறு வைத்தியம் உண்டா என்றால், உண்டு. பென்சிலமைன் வந்த கதையே நம்பிக்கை தருகிற கதைதான். 1950-கள் வரை இந்த நோய்க்கு மருந்தென்று இருந்தது பி.ஏ.எல். (BAL) என்ற ஊசி மட்டும். இரண்டாம் உலகப் போரில் விஷவாயுவுக்கு முறிவாகச் செய்த மருந்து அது, போடும் இடம் தீயாக வலிக்கும். ஜான் வால்ஷ் என்ற இளம் ஆங்கில மருத்துவர், பென்சிலின் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் பென்சிலமைன் என்ற பொருளைப் பார்த்து வைத்திருந்தார். பிறகு பாஸ்டனில் ஒரு வில்சன் நோயாளியைப் பார்க்கும்போது, அந்தப் பொருளின் அமைப்பு செம்பைப் பிடிக்குமே என்று அவருக்குத் தோன்றியது. 1956-ல் எழுதினார். வாயில் போட்டு விழுங்குகிற மருந்து அப்படிக் கிடைத்தது. பிறகு பென்சிலமைன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக டிரையன்டீன் என்ற இன்னொரு மருந்தைக் கொண்டு வந்தவரும் அவர்தான். அதில் மோசமாகும் வாய்ப்பு குறைவு என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனால் விலை அதிகம், நம் ஊரில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. மூன்றாவது துத்தநாகம், ஆங்கிலத்தில் ஜிங்க். இது செம்பை இழுப்பதில்லை. குடலின் சுவரில் உள்ள செல்களில் ஒரு புரதத்தைக் கூட்டிவிடுகிறது, அந்தப் புரதம் சாப்பாட்டில் வரும் செம்பை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ள, அந்தச் செல்கள் உதிரும்போது செம்பும் சேர்ந்து போய்விடுகிறது. மெதுவாக வேலை செய்யும், விலை மலிவு, மூளையைக் கிளறிவிடுவது அரிது. உங்கள் மகனுக்குக் குறைந்த அளவு பென்சிலமைனா, டிரையன்டீனா, துத்தநாகமா, இல்லை இரண்டு சேர்த்தா என்பது அவனுடைய கல்லீரல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், நேரம் விட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

நான் கடைசியில் சொல்ல வருவது, மருந்தை மாற்றலாம், குறைக்கலாம், மெல்ல ஏற்றலாம், ஆனால் செம்பை வெளியேற்றும் அல்லது தடுக்கும் ஏதோ ஒரு மருந்து இல்லாமல் அவன் ஒரு மாதம்கூட இருக்கக் கூடாது, ஆயுள் முழுக்க. பல வருடம் மருந்து சாப்பிட்டு ஆளே தெரியாமல் தேறி, கல்யாணமாகி, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்திவிட்டு, கல்லீரல் மொத்தமாகச் செயலிழந்து தூக்கி வரப்பட்டவர்களை இந்த நோயைப் பார்க்கிற எந்த மருத்துவரும் மறக்க மாட்டார்கள். அந்தக் கட்டத்தில் கல்லீரல் மாற்று அறுவை மட்டும்தான் மிச்சம்.

மறுபடி பென்சிலமைனே எழுதிக் கொடுத்தால் சில விஷயங்கள். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது இரண்டு மணி நேரம் கழித்து. சோற்றோடு கொடுத்தால் ஏறக்குறைய பாதி வீண். இரும்புச்சத்து மாத்திரையும் அல்சர் மருந்தும் அதே நேரத்தில் கூடாது. பி6 வைட்டமின் கூடவே வேண்டும், சீட்டில் இல்லையென்றால் கேளுங்கள். முதல் மூன்று வாரத்தில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் உடனே சொல்ல வேண்டும். ரத்த அணுக்களும் சிறுநீரில் புரதமும் ஆரம்பத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் 'ஸ்டாக் இல்லை' என்று சொல்வது இந்த மருந்துக்குச் சகஜம், அதனால் கையில் எப்போதும் இரண்டு மாத மருந்து இருக்கட்டும்.

இதற்கிடையில் அவன் சாப்பிடுவதைக் கவனியுங்கள். கழுத்து இழுக்கும்போது படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் முழுசாக இறங்கிய பிறகு அடுத்த வாய். தண்ணீர்தான் அதிகம் புரையேறும், கூழ் பதத்தில் இருப்பது எளிதில் இறங்கும். கேப்பைக் கூழ், குழைய வேகவைத்த பருப்புச் சோறு, மசித்த வாழைப்பழம் கொடுங்கள். கழுத்து இழுப்புக்கும் விறைப்புக்கும் தனி மருந்துகள் இருக்கின்றன, செம்பு இறங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிசியோதெரபியையும் இப்போதே கேளுங்கள். மூட்டு மடங்கி இறுகிவிட்டால், பிறகு மூளை தேறினாலும் கை நீளாது.

தாய்மாமனைக் கட்டியதால் வந்ததா என்ற கேள்வி. இது பரம்பரையாக வருகிற நோய், இரண்டு பக்கமும் பழுதான பிரதி வந்தால்தான் வரும். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு ஒன்றும் செய்யாது, நூறு வயது வரை தெரியாமலே இருந்துவிட்டுப் போவார்கள். நீங்களும் உங்கள் கணவரும் அப்படித்தான். உங்கள் விஷயத்தில் அநேகமாக உங்கள் அம்மாச்சியிடமோ தாத்தாவிடமோ இருந்த ஒரே பிரதிதான், உங்கள் அம்மா வழியாக உங்களுக்கு ஒன்றும், நேராக உங்கள் கணவருக்கு ஒன்றுமாகப் பிரிந்து, மறுபடி உங்கள் மகனிடம் வந்து சேர்ந்திருக்கும். சொந்தத்தில் கட்டும்போது இப்படிச் சந்திக்கிற வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன். உறவே இல்லாத தம்பதிகளின் பிள்ளைகளுக்கும் வருகிறது என்பதும் உண்மை. உலகத்தில் 30,000 பேரில் ஒருவர் என்று அடிக்கடி சொல்லப்படும் கணக்கில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான். உங்களுக்குக் கல்யாணம் பேசியபோது உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பேசுகிறவர்கள் பேசட்டும், அவர்கள் வீட்டிலும் அத்தை மகளும் மாமன் மகனும் கட்டியிருப்பார்கள். நீங்கள் இந்த உண்மையைப் பழியாகத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை, ஆனால் பயன்படுத்த வேண்டும். மகனுக்கு ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று சொந்தத்தில் பெண்ணோடு யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். கல்யாணத்தைப் பற்றி அவன் தேறிய பிறகு அவனே யோசிக்கட்டும், அப்போது மரபணு ஆலோசனையோடு செய்யலாம்.

கீழாநெல்லி நோயைக் கொண்டு வரவில்லை. 11 வயதுப் பிள்ளைக்குக் காமாலை வந்தால் நூற்றில் பெரும்பாலும் அது தண்ணீரில் பரவும் கிருமிக் காமாலைதான், தானாகவே ஆறும், எந்தத் தாய்க்கும் வேறு தோன்றாது. அந்தக் காமாலை வில்சன் நோயின் முதல் குரலாக இருந்திருக்கலாம் என்று இன்று திரும்பிப் பார்த்துச் சொல்ல முடிகிறது, அவ்வளவுதான். இதைப் படிக்கிற மற்ற பெற்றோருக்கு ஒன்று. கிருமிப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாத காமாலை, திரும்பத் திரும்ப வரும் காமாலை, காமாலையோடு ரத்தசோகை, ஸ்கேனில் கல்லீரல் சொரசொரப்பு, இதில் எது பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இருந்தாலும் வில்சன் நோய் இல்லையா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

செம்புக் குடமும் இதைக் கொண்டு வரவில்லை. அதே தண்ணீரைக் குடித்த உங்களுக்கு ஒன்றும் இல்லையே. ஆனால் செம்பை வெளியே தள்ள முடியாத அவனுக்கு அது கூடுதல் பாரம், அதனால் இன்றோடு அவன் குடிக்கும் தண்ணீர் எவர்சில்வருக்கு மாறட்டும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பும் மோரும் வேண்டாம். இதில் ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் கைக்குழந்தைகளைக் கொன்ற ஒரு கல்லீரல் சுருக்க நோய் இருந்தது. பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பாலைக் காய்ச்சி வைத்துப் புகட்டியதோடு அதற்குத் தொடர்பு இருப்பதை 1980-களில் புனேயில் நடந்த ஆய்வுகள் காட்டின, பாத்திரம் மாறியதும் நோயும் அருகிப் போனது. அது வேறு நோய், வில்சன் இல்லை. ஆனால் செம்பு என்றாலே உடம்புக்கு நல்லது என்று குழந்தைக்கும் செம்புப் பாட்டில் வாங்கிக் கொடுக்கிற இந்தக் காலத்தில் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாப்பாட்டில் ஈரல், நண்டு, இறால், முந்திரி, கடலை, எள், காளான், சாக்லேட் ஆகியவற்றை முதல் ஒரு வருடமாவது தள்ளி வையுங்கள். பத்தியத்தால் மட்டும் இந்த நோய் அடங்காது, மருந்துதான் வைத்தியம்.

இனிதான் நான் சொல்ல வந்ததே இருக்கிறது. உங்கள் நான்கு பக்கத்தில் உங்கள் மகளுக்கு ஒரே ஒரு வரி. நன்றாக இருக்கிறாள் என்கிறீர்கள். உங்கள் மகனும் 14 வயதில் நன்றாகத்தான் இருந்தான் அம்மா. அவளுக்கும் இந்த நோய் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. இரண்டு பிள்ளையில் ஒருவனுக்கு வந்துவிட்டது, இனி வராது என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், நான்கில் மூன்று பங்கு அவளுக்கு நோய் இல்லை என்றுதான் வரும், அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் இருந்து, இப்போதே கண்டுபிடித்தால், துத்தநாகமோ குறைந்த அளவு மாத்திரையோ தினமும் போட்டுக்கொண்டு அவள் படித்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, அண்ணனுக்கு வந்தது எதுவும் வராமலே வாழ்ந்துவிடலாம். இந்த நோயில் எங்களால் முழுசாகக் காப்பாற்ற முடிகிறவர்கள் இப்படி வருகிற தங்கைகளும் தம்பிகளும்தான். அண்ணனைத் தூக்கிக்கொண்டு அலைகிற அலைச்சலில் வீட்டில் விட்டுவிட்டு வருகிற அந்தப் பிள்ளையை, மூன்று வருடம் கழித்து அதே கோணல் கையெழுத்தோடு கூட்டிவந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். முதல்முறை அண்ணனோடு வந்தபோதே அந்த அப்பா அம்மாக்களிடம் நான் சொன்னேனா, அழுத்திச் சொன்னேனா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அதனால் உங்களிடம் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன்.

மகனைக் காட்டப் போகிற அதே நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை, ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் (செம்பைச் சுமக்கிற புரதம், இந்த நோயில் பெரும்பாலும் குறைந்திருக்கும்), வயிற்று ஸ்கேன், ஸ்லிட் லேம்பில் கண், 24 மணி நேரச் சிறுநீர்ச் செம்பு. கண்ணில் வளையம் இல்லை என்று சொன்னால் அதோடு நிம்மதியாகிவிடக் கூடாது. மூளை வரை போனவர்களுக்குத்தான் அது ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கும், கல்லீரலோடு நிற்பவர்களில் பாதிப் பேருக்கு இருக்காது, அறிகுறியே இல்லாத பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இருக்காது. செருலோபிளாஸ்மினும் ஏமாற்றும். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகவும், காய்ச்சல் சளி இருக்கும்போது நோயாளிக்கே சரியாகவும் காட்டும். மகனுக்கு ஏடிபி7பி மரபணுப் பரிசோதனை செய்து எந்த இடத்தில் பழுது என்று தெரிந்துவிட்டால், மகளுக்கு அந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும், ஆம் இல்லை என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இந்த நோயாளிகளைப் பல பத்தாண்டுகளாகப் பார்க்கிறார்கள், 282 பேரைப் பற்றி 2007-ல் எழுதியே வைத்திருக்கிறார்கள். உங்கள் மருத்துவருக்குச் சிக்கலாகத் தோன்றினால் அவரிடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கே போகலாம்.

சிறுநீர் பிடிக்கும் விஷயத்தில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். கேனை லேபிலேயே வாங்குங்கள். வீட்டுச் சொம்பும் சில்வர் குவளையும் கூடாது, உலோகம் பட்டால் கணக்கு கெட்டுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து போகிற முதல் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு பகலும் இரவும் போகிறது அத்தனையும் கேனில், மறுநாள் காலை ஆறு மணிக்குப் போவதையும் சேர்த்து. ஒருமுறை மறந்து வெளியே போய்விட்டாலும் அடுத்த ஞாயிறு புதிதாக ஆரம்பியுங்கள். 14 வயதுப் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்கும். எதற்காக என்பதை மறைக்காமல் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், மாதவிடாய் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

அவன் மறுபடியும் எழுதுவானா என்று கேட்டிருந்தீர்கள். மருந்தால் மோசமானவர்களில் எல்லாரும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, அதனால் நான் சத்தியம் செய்து தர முடியாது. ஆனால் தேறுகிறவர்கள் நிறையப் பேர், அது ஆறு மாதத்துக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், இரண்டு வருடம் வரை கூடிக்கொண்டே வரும். தினமும் பார்க்கிற அம்மாவுக்கு அந்த மாற்றம் தெரியாது. அதனால் என்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் தேதியும் பெயரும் எழுதி, கீழே நத்தை ஓடு மாதிரி ஒரு சுழி வரையச் சொல்வேன். ஒரு பையனின் முதல் பக்கத்தில் பெயரே இல்லை, பேனா பேப்பரைக் கிழித்த ஓட்டை மட்டும் இருக்கிறது. பதினோராவது பக்கத்தில் அவன் இன்ஷியலைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நீங்களும் இன்று ஒரு நோட்டு வாங்குங்கள். அவன் எழுதுவது எப்படி இருந்தாலும் தேதியை நீங்கள் போட்டு வையுங்கள், அடுத்த பக்கத்தை மூன்று மாதம் கழித்துத்தான் திருப்ப வேண்டும்.